இருட்டறையில் ஓடியதும் இட்லித் தட்டின் முன் பேசியதும்

வாசகர் கேள்வி:

"எனக்கு வயது 34. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவன் என் நண்பன். அவனும் அங்கேதான் இருக்கிறான். காசிமேட்டில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று வாரத்துக்கு முன், குழு ஒற்றுமைப் பயிற்சி என்று எங்களில் 24 பேரைப் பழவேற்காட்டுக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டுக்கு நிறுவனம் அழைத்துப்போனது. மாலையில் டச்சுக்காரர் கல்லறையைச் சுற்றிக் காட்டினார்கள். இரவில் இரண்டிரண்டு பேராக மணிக்கட்டைச் சிவப்பு ரிப்பனால் கட்டி, விளக்கில்லாத ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே பினாயில் வாடை; மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திய உருவம். அது எழுந்து உட்கார்ந்ததும் ரிப்பனை அறுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். என் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நண்பன் உள்ளேயே நின்றுவிட்டான். விளக்கைப் போட்டு அவனை வெளியே கொண்டுவர நாலைந்து நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து என்னோடு அவன் பேசுவதில்லை. 'பயத்தில்தான் மனிதனின் நிஜ முகம் தெரியும்' என்று பயிற்சியாளர் சொன்னார். அதுதான் என் நிஜ முகமா? இந்த நட்பு இனித் தேறுமா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வடசென்னை

உளவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியது நான்கு பக்கக் கடிதம். மேலே இருப்பது அதன் சுருக்கம். மற்றப் பக்கங்களில் உள்ளவற்றையும் உங்களை அடையாளம் காட்டாத அளவில் எடுத்துப் பேசலாம் என்று அனுமதி தந்திருக்கிறீர்கள். அந்த அனுமதி இல்லாமல் இந்தப் பதிலை நான் எழுதியிருக்க முடியாது. ஏனென்றால், நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி முதல் பக்கத்திலும், அதற்கான பதில் மூன்றாம் பக்கத்தின் அடியிலும் இருக்கின்றன.

முதலில் நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். இல்லை, அது உங்கள் நிஜ முகம் இல்லை. இருட்டில், எதிர்பாராத நேரத்தில், ஓர் உருவம் எழுவதும் தகரத்தைத் தட்டும் பெருஞ்சத்தமும் சேர்ந்து வரும்போது, உடம்பு நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. இமை மூடுவதும் கழுத்து உள்ளிழுத்துக்கொள்வதும், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கடப்பதற்குள் தொடங்கிவிடுகின்றன. மூளையின் உட்புறத்தில், வாதுமைப் பருப்பின் வடிவத்தை ஒட்டிப் பெயர் பெற்ற அமிக்டலா என்ற பகுதி, ஆபத்து என்ற செய்தியை உடம்புக்கு அனுப்புகிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன, இதயம் வேகமெடுக்கிறது, கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. 'இது பொம்மை விளையாட்டு, பக்கத்தில் நிற்பவன் என் நண்பன், அவன் கை என் கையோடு கட்டியிருக்கிறது' என்று நிதானமாகக் கணக்குப் போடும் பகுதி விழித்துக்கொள்வதற்குள் நீங்கள் திண்ணைக்கு வந்துவிட்டீர்கள். அந்த நேரத்தில் ஓடுபவரும் உண்டு, அலறுபவரும் உண்டு, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் உறைந்து நிற்பவரும் உண்டு. உங்கள் நண்பர் உறைந்து நின்றார். அதைத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஓடினீர்கள், அதைக் கோழைத்தனம் என்றும் சொல்ல முடியாது. இருவருக்கும் வந்தது ஒரே பயம். ஒருவருக்கு அது காலில் இறங்கியது, மற்றவருக்குக் காலைக் கட்டிப்போட்டது.

'நிஜ முகம்' என்ற சொல்லை என் தொழிலில் அடிக்கடி கேட்கிறேன், எரிச்சலோடுதான் கேட்கிறேன். ஒரு மனிதனின் 34 ஆண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவனைத் திடுக்கிட வைத்த பத்து விநாடியை மட்டும் எடுத்து 'இதுதான் நீ' என்று நீட்டுவது என்ன நியாயம்? உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நீங்கள் இருவரும் பத்தாம் வகுப்பு படித்தபோது நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். நண்பரின் தந்தை கடலில் தவறிப்போய், மூன்றாம் நாள் எண்ணூர்ப் பக்கம் உடல் ஒதுங்கியது. அவர் அம்மாவால் எழுந்து நடக்க முடியவில்லை. அண்ணன் கடலில் தேடப் போன படகிலிருந்து இன்னும் கரை திரும்பவில்லை. அடையாளம் சொல்லத் தெருப் பெரியவர்களோடு அந்தப் பதினைந்து வயதுப் பையன் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பள்ளிச் சீருடையோடு நீங்களும் கூடப் போனீர்கள். பிணவறை வாசலில் அவர் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் வந்ததும் மயங்கி விழுந்தார். சோடா வாங்கி முகத்தில் தெளித்தது நீங்கள். அன்று பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இருட்டும் வரை அந்த வராந்தாவை விட்டு நீங்கள் நகரவில்லை. அங்கேயும் பினாயில் வாடை இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, பயமும் இருந்தது. பயிற்சியாளரின் வாக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால், அந்த மத்தியானத்தை எந்த முகத்தின் கணக்கில் எழுதுவது?

ஆகவே ஓடியதைப் பற்றி இதற்குமேல் உங்களை நீங்களே குடைந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் நண்பரும் அதற்காகப் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அன்று இரவு, திண்ணையில் உட்கார்ந்து இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்ததாகவும், 'செம்மயா ஓடினடா' என்று அவர் சிரிக்க முயன்றதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை என்பதையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் அன்று இரவு அவர் உங்களோடு பேசினார். பேச்சு நின்றது மறுநாள் காலையில்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கும் வரி இது: "காலையில் டிபன் சாப்பிடும்போது நான் ஓடிய வீடியோவைப் பெரிய திரையில் போட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஏதோ விளையாட்டாக, 'நானாச்சும் ஓடினேன், இவன் அவங்கப்பாவைப் பாக்கப் போனப்பவே மார்ச்சுவரி வாசல்ல மயங்கி விழுந்தவன்' என்று சொன்னேன்." அடுத்த வரியிலேயே நீங்கள் ரிப்பனுக்குப் போய்விடுகிறீர்கள்.

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். இருட்டறைக்கு நீங்கள் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மேசை எந்த மூலையில் கிடந்தது, கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை அதில் இருக்கிறது. இட்லித் தட்டின் முன் நடந்ததற்குக் கிடைத்தது ஒரு வாக்கியம். அதிலும் 'ஏதோ விளையாட்டாக' என்ற போர்வை. மனம் தான் செய்த தவறுகளில் எதை ஒப்புக்கொள்வது சுலபமோ அதை முன்னால் நிறுத்தி, மற்றதை அதன் நிழலில் ஒளித்து வைக்கும். என் எதிரே வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள். நானும் என் வீட்டில் செய்திருக்கிறேன். ஓடியதற்கு மன்னிப்புக் கேட்பது சுலபம், ஏனென்றால் அதில் உங்கள் குற்றம் குறைவு.

காலையில் சூழ்நிலை வேறு. வெளிச்சம் இருந்தது, கையில் காபி இருந்தது, யாரும் உங்களைத் துரத்தவில்லை. அங்கே உங்களைத் தாக்கியது வெட்கம். வெட்கத்துக்கும் பயத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு: வெட்கத்தில் யோசிக்க நேரம் இருக்கிறது. சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருப்பதையும், பயிற்சியாளர் மேலாளரோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருந்ததையும், அந்த இடத்துக்கு உங்கள் இருவர் பெயரும் அடிபடுவதையும் முதல் பக்கத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் காலையில், 22 பேர் சிரித்துக்கொண்டிருந்தபோது, 'இவன் சரிப்பட மாட்டான்' என்ற எண்ணம் மேலாளர் மனத்தில் விழுந்துவிடுமோ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதைத் திருப்பிவிடக் கைக்கு எட்டியது எதுவோ அதை எடுத்து வீசினீர்கள். எட்டியது, பத்தொன்பது வருடமாக உங்களிடம் அவர் பத்திரமாக விட்டுவைத்திருந்த ஒன்று. திட்டமிட்டுச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது உங்களை அறியாமல் உங்கள் கால் செய்த வேலையும் இல்லை.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். முந்தின இரவு, பினாயில் வாடையும் வெள்ளைத் துணியும் இருந்த அறையில் அவர் தனியாக நின்ற நாலைந்து நிமிடத்தில் எங்கே இருந்திருப்பார் என்று அங்கிருந்த 24 பேரில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வாடைக்கு நினைவை இழுத்து வரும் வலிமை அதிகம். பழைய நிகழ்ச்சியை ஒரு செய்தியாக இல்லாமல், அது மறுபடி நடப்பதுபோலவே அது கொண்டுவந்து நிறுத்திவிடும். உங்களுக்கு அது பேய் அறை. அவருக்கு அது ஸ்டான்லி வராந்தா. அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள், மறுநாள் காலை அதையே எடுத்து எல்லோர் முன்னாலும் சிரிப்பாக்கினார். கதவு சாத்திக்கொண்டதைவிட இது பெரிதில்லையா?

இங்கே அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முழுப் பாரத்தையும் நீங்கள் ஒருவரே சுமப்பதும் நியாயமில்லை. பயத்தை ஒன்றாக அனுபவித்தால் மனிதர்கள் நெருங்குவார்கள் என்ற நம்பிக்கையில் இப்படிப்பட்ட பயிற்சிகள் நடக்கின்றன. அதில் ஒரு துளி உண்மை உண்டு. 1974 இல் டட்டன், ஆரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில், பள்ளத்தாக்கின் மேல் ஆடும் கப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். நடுங்கிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்த ஆண்கள், அங்கே தங்களிடம் கேள்வி கேட்ட பெண்ணைப் பிறகு தொலைபேசியில் அழைத்தது, ஆடாத தாழ்ந்த பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. நெஞ்சுப் படபடப்பைப் பக்கத்தில் இருப்பவர்மேல் ஏற்றிவைப்பது மனத்தின் வழக்கம் என்பது அவர்களின் விளக்கம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் கையை உதறிவிட்டு ஓடினால் அந்தப் படபடப்பு எதன்மேல் ஏறும் என்பதைப் பண்ணை வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது 1954 இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரிஃப் நடத்திய முகாம். பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தபோது, கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டும் படம் காட்டியும் பகை தணியவில்லை. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றபோதும், சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பாதபோதும்தான், இரு அணியும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கின. எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். வடசென்னைக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, காசிமேட்டிலிருந்து நடந்தே வந்து உங்கள் அம்மாவை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றியவர் இந்த நண்பர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்கள் மணிக்கட்டுகளை யாரும் ரிப்பனால் கட்டவில்லை.

அந்த டச்சுக் கல்லறையைப் பற்றி ஒரு சிறு விலகல். அதன் வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டி 'இங்கேயிருந்துதான் எழுந்து வருவார்கள்' என்று உங்களைப் பயமுறுத்தினார்களாம். 17 ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரர்கள், 'நீயும் ஒரு நாள் இப்படித்தான்' என்று உயிரோடிருப்பவனுக்கு நினைவூட்ட வைத்த உருவங்கள் அவை. அவர்களுடைய ஐரோப்பாவில் அது வழக்கமான கல்லறைச் சிற்பம். பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூர்க் கடற்கரையைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் செய்தி புதிதும் அன்று. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள ஒரு கல்லறையைப் பேய்க் கூடாரத்துக்கு முன்னோட்டமாக ஆக்கியது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகட்டும்.

பிடிக்கவில்லை என்பதோடு விட முடியாத குறைகளும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கும் என்பதன் சாயலைக்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. இதய நோயோ வலிப்போ அண்மையில் துக்கமோ உள்ளவர்கள் யார் என்று கேட்கவில்லை. 'போதும்' என்றால் உடனே விளக்கு எரியும் என்ற ஏற்பாடு இல்லை. உள்ளிருப்பவர் திறக்க முடியாதபடி தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. இது எல்லாவற்றுக்கும் மேலாக, பதவி உயர்வு தருபவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது 'விருப்பமிருந்தால் வாருங்கள்' என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. இவற்றை மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். வீடியோவை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அது உங்கள் வீடியோ, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தில் நண்பரின் கதை ஒரு சொல்கூட வரக் கூடாது. 'என்னோடு வந்தவரும் பாதிக்கப்பட்டார்' என்ற அளவுக்குக்கூட எழுதாதீர்கள். அவருக்குப் புகார் கொடுக்க வேண்டுமென்றால் அவர் கொடுத்துக்கொள்வார். இன்னொரு முறை அவர் வாயாக நீங்கள் பேச வேண்டாம்.

இனி அவரைப் பார்க்கப் போவது பற்றி. உங்கள் அம்மா, 'அவங்கம்மாகிட்ட நான் போய்ப் பேசுறேன், எல்லாம் சரியாயிடும்' என்கிறாராம். பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது நம் தெருக்களில் பல சண்டைகளைத் தீர்த்த வழிதான்; நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இங்கே மட்டும் அது வேண்டாம். உங்கள் அம்மா பேச்சைத் தொடங்கினால், என்ன சண்டை என்று அந்த அம்மா கேட்பார். அதற்குப் பதில் சொல்ல, கணவரின் உடல் கிடந்த வாசலை அவர் எதிரில் மறுபடி பேச வேண்டியிருக்கும். தன் கணவர் சாவு பண்ணை வீட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளப் பயன்பட்டது என்று அந்த அம்மாவுக்கு ஏன் தெரிய வேண்டும்?

நீங்களே போங்கள், தனியாகப் போங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். எழுதிய மன்னிப்பை அவர் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். யார்டு வாசல் டீக்கடையும் வேண்டாம், ஏனென்றால் அங்கே சிரித்தவர்கள் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுப் பக்கம் போய், கொஞ்ச தூரம் நடக்கக் கூப்பிடுங்கள். இது தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் அவருடைய அண்ணனும் வீட்டில்தான் இருப்பார். அவர் முன்னால் தொடங்காதீர்கள்.

பேசும்போது ஓடியதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தால் அவர் 'பரவாயில்லடா, எல்லாருக்கும் பயம்தான்' என்று சொல்லிவிடுவார். நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுவீர்கள். நேராகக் காலைச் சாப்பாட்டுக்கு வாருங்கள். 'உங்கப்பா விஷயத்தை நான் அங்க சொல்லியிருக்கக் கூடாது. நான் மாட்டிக்கிட்டதால உன்னை மாட்டிவிட்டேன்' என்ற இரண்டு வாக்கியம் போதும். அதற்குப் பிறகு 'ஆனா' என்ற சொல் வரக் கூடாது. அமிக்டலாவைப் பற்றி நான் மேலே எழுதியதை அவரிடம் விளக்கப் போகாதீர்கள். அது உங்களுக்காக எழுதியது. 'மன்னிச்சிட்டியா' என்றும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி, காயம்பட்டவரிடமே மருந்தைக் கேட்பது. அவர் திட்டலாம். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விடலாம். சூப்பர்வைசர் இடத்துக்காகத்தான் சொன்னாயா என்று கேட்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அதை மறைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் முகத்தை அவர் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்து வருகிறார்.

அவரைப் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல, அலுவலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம், குறைந்தது உங்கள் பிரிவில் இருப்பவர்களிடமாவது, 'அன்னைக்கு நான் பேசினது தப்பு, அதை யாரும் திரும்பப் பேச வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். என்ன பேசினீர்கள் என்பதை மறுபடி சொல்லாமல் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் எடுத்த மானத்தை நாலு சுவருக்குள் திருப்பிக் கொடுப்பது பாதிதான். இதனால் மேலாளர் கண்ணில் நீங்கள் இறங்கலாம். அந்தச் சூப்பர்வைசர் நாற்காலி அவருக்கே போகலாம். போனால் போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட முடியாது; வாடகையும் பிள்ளைகள் படிப்பும் உங்களுக்கு இருக்கின்றன. ஆனால் ஒருவேளை அது உங்களுக்குக் கிடைத்தால், அறிவிப்புப் பலகையில் அவர் பார்ப்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

அவருடைய உடல்நிலை பற்றி நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை, திடுக்கிட்டு எழுகிறார், ஆஸ்பத்திரி வாடை வரும் வழியைச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று அவர் மனைவி உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். 'பயந்த கோளாறு' என்று அத்தை அழைத்துப் போய் மந்திரித்துக் கயிறு கட்டியதையும் எழுதிவிட்டு, இதில் எனக்குக் கோபம் வருமோ என்று தயங்கியிருக்கிறீர்கள். கோபமில்லை. பயந்தவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்து, 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வதில் தீங்கு எதுவும் இல்லை. அது மட்டும் போதாமல் போகலாம் என்பதே என் கவலை. இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பின் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானே தணியும். ஒரு மாதத்தைக் கடந்தும் தணியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வழக்கமாக ஸ்டான்லியின் மனநலப் புறநோயாளர் பிரிவைத்தான் உங்கள் பகுதிக்குச் சொல்வேன். இவருக்கு அந்த வளாகமே வேதனை என்பதால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போவது நல்லது. முதலில் பேசிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இதை நீங்கள் அவரிடம் சொல்லாதீர்கள். இன்றைய நிலையில் உங்கள் வாயிலிருந்து வந்தால் 'நீ மனநோயாளி' என்று கேட்கும். உங்கள் மனைவி வழியாக அவர் மனைவிக்குச் சொல்லுங்கள்.

நட்பு தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் சொல்ல முடியாது. அதை முடிவு செய்யும் இடத்தில் இப்போது நீங்களும் இல்லை, அவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் மறுபடி பேசத் தொடங்கினாலும், அப்பாவைப் பற்றி முன்போல் உங்களிடம் பேச நாளாகலாம். அந்த இடைவெளியைப் பார்த்து 'இன்னும் மனசுல வெச்சிருக்கான்' என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஓடும்போது மணிக்கட்டிலேயே தங்கிவிட்ட அந்த ரிப்பன் துண்டு பையில் கிடக்கிறது, போகும்போது அதை எடுத்துப்போய்க் காட்டலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதைக் காட்டினால் பேச்சு மறுபடி இருட்டறைக்கே போய்விடும். வெறுங்கையோடு போங்கள்.